பெத்தது ஒண்ணு, வளத்தது ஒண்ணு

2021 ஜனவரியில் அப்பா மாரடைப்பில் போனார். அம்மா 2015லேயே சிறுநீரகக் கோளாறில் போய்விட்டாள். அப்பாவின் பதினாறாம் நாள் காரியம் முடிந்த மறுவாரம் நானும் தங்கச்சியும் இ-சேவை மையத்தில் வாரிசுச் சான்றிதழுக்கு எழுதிக் கொடுத்தோம். சில நாள் கழித்து விசாரணைக்கு வருவாய் ஆய்வாளர் எங்கள் தெருவுக்கே வந்தார்.

சங்கரன்கோவிலில் எங்கள் தெரு முழுக்க விசைத்தறி. அரசாங்க ஆள் ஒருவர் வந்து திண்ணையில் உட்கார்ந்தால் நாலு வீட்டுத் தறி நின்றுவிடும். அன்றைக்கும் நின்றது. அக்கம்பக்கத்தில் ரெண்டு பேரிடம் விசாரித்து எழுத வேண்டும் என்று அவர் கேட்க, எதிர்வீட்டு ஆச்சி முன்னால் வந்தாள். எண்பதைத் தாண்டியவள். எங்கள் இரண்டு பேரையும் இடுப்பில் வைத்துச் சோறு ஊட்டியவள்.

“இறந்தவருக்குப் பிள்ளைக எத்தன பேரு பாட்டி?”

“பெத்தது ஒண்ணு, வளத்தது ஒண்ணு சார். ஆனா ஒரு குறையும் தெரியாம வளத்தாவ ரெண்டையும்.”

ஆச்சி அதைப் பெருமையாகத்தான் சொன்னாள். தங்கச்சிக்குத் தெரியும் என்றே நினைத்திருந்தாள். தங்கச்சி அப்போதுதான் தட்டில் நாலு டம்ளர் டீயோடு நடையைத் தாண்டி வெளியே வந்திருந்தாள். டம்ளர்கள் ஒன்றோடொன்று உரசிக் கிணுகிணுத்தன. அவ்வளவுதான். தட்டைத் திண்ணையில் வைத்தாள். முதல் டம்ளரை எடுத்து அவர் கையில் கொடுத்தாள். உள்ளே போய்விட்டாள். அவர் பேனாவை மூடிவிட்டு என்னைப் பார்த்தார்.

நான் உள்ளே போனபோது அவள் சித்தி படத்தின் முன்னால் நின்றிருந்தாள்.

அந்தப் படத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். அம்மாவின் தங்கை. ஸ்டுடியோவில் எடுத்த கறுப்பு வெள்ளைப் படம், ரெட்டைச் சடை, காதில் ஜிமிக்கி. வெள்ளிக்கிழமைக்கும் அமாவாசைக்கும் அந்தப் படத்துக்குப் பிச்சிப்பூ சாத்துவது சின்ன வயசிலிருந்தே தங்கச்சியின் வேலை. அம்மா அதை அவளுக்கென்றே ஒதுக்கியிருந்தாள். நான் எடுத்துப் போடப் போனால், “நீ விடு, அவ போடட்டும்” என்பாள்.

“எப்பத்துல இருந்துக்கா ஒனக்குத் தெரியும்?”

“ஏழு வயசுல இருந்து.”

1991. சித்தி பிரசவத்துக்கு ஆஸ்பத்திரிக்குப் போன மூன்றாம் நாள் இறந்துபோனாள். சித்தப்பா வீட்டில் பச்சைப் பிள்ளையைப் பார்க்க ஆள் இல்லை. ஒரு மாதம் கழித்து அம்மா பிள்ளையைத் தூக்கிக்கொண்டு பஸ்ஸில் வந்தாள். சித்தியின் பச்சைச் சேலையைக் கிழித்துப் பிள்ளையைச் சுற்றியிருந்தாள். மறுநாளே என்னைக் கோமதி அம்மன் கோயிலுக்குக் கூட்டிப்போனாள். புற்றுமண்ணை எடுத்து என் நெற்றியில் பூசிவிட்டு, “இது ஒன் தங்கச்சி. எங்க இருந்து வந்தான்னு யாருகிட்டயும் சொல்லக் கூடாது. அவ கிட்டயும் சொல்லக் கூடாது. கோமதி மேல சத்தியம் பண்ணு” என்றாள். பண்ணினேன்.

அம்மா பயந்ததற்குக் காரணம் இருந்தது. பிரசவத்தில் தாய் இறந்துபோனால், ‘தாயைத் தின்னு பொறந்தது’ என்று அந்தப் பிள்ளையின் தலையில் ஒரு பேச்சைக் கட்டிவிடுவார்கள். எங்கள் பக்கத்தில் அந்தப் பேச்சைக் கேட்டுக்கொண்டே வளர்ந்த ஒரு பெண்ணை அம்மாவுக்குத் தெரியும். நல்ல காரியத்தில் முன்னால் நிற்க விடமாட்டார்கள். அது தன் தங்கை மகளுக்கு வரக் கூடாது என்று அம்மா நினைத்தாள். நினைத்ததில் தப்பில்லை என்று இன்றைக்கும் சொல்வேன். ஆனால் ஆறு வயசுப் பிள்ளைக்குச் சொல்லாமல் விட்டதை இருபது வயசிலும் சொல்லாமல் விட்டார்கள். அதற்கப்புறம் நானும் விட்டேன். அது வேறு கணக்கு.

அன்றைக்கு நான் செய்த முதல் தப்பு, உடனே பெரியவர்களுக்காகப் பேசியது. “ஒன் நல்லதுக்குத்தான்ட்டி செஞ்சாவ” என்றேன். என் வாயிலிருந்து வந்த அந்த ஒரு வாக்கியத்தால் எட்டு மாதம் அவள் என்னோடு பேசவில்லை. இப்படி ஒரு விஷயம் உடைந்த நாளில் செத்துப்போனவர்களுக்கு வக்காலத்து வாங்காதீர்கள். கேட்ட கேள்விக்கு மட்டும் பதில் சொல்லுங்கள். அவள் கேட்டது ‘எப்பத்துல இருந்து தெரியும்’ என்பது மட்டும்தான். மிச்சத்தை நான் வாயை மூடி வைத்திருக்க வேண்டும்.

அன்று சாயங்காலமே திருநெல்வேலிக்கு, அவள் வீட்டுக்குப் போய்விட்டாள். அங்கே போனதும் இன்னொரு அடி. அவள் மாமியாருக்கும் தெரிந்திருந்தது. 2018இல் பெண் பார்க்க வந்தபோதே அப்பா தனியாகக் கூப்பிட்டுச் சொல்லியிருக்கிறார். பின்னால் பேச்சு வரக் கூடாதே என்று சம்பந்திக்குச் சொன்ன மனுஷன், மகளுக்குச் சொல்லவில்லை. எங்கள் தெருவுக்குத் தெரியும், உறவுக்குத் தெரியும், மாமியாருக்குத் தெரியும். அவளுக்கும் அவள் புருஷனுக்கும் மட்டும் தெரியாது.

அவள் பேசாமல் இருந்த மாதங்களில் பழசு ஒவ்வொன்றாக எனக்கு நினைவுக்கு வந்தது. அவளுக்கும் அப்படித்தான் வந்திருக்கிறது.

தங்கச்சி நர்ஸ். 2014இல் வளைகுடாவில் வேலைக்குப் போகப் பாஸ்போர்ட் எடுக்க வேண்டும் என்றாள். 1989 ஜனவரி 26க்குப் பிறகு பிறந்தவர்களுக்கு அப்போது பிறப்புச் சான்றிதழ் கட்டாயம். அது இருந்தால்தானே? அவள் பிறப்பு பதிவாகியிருந்தது சித்தி பெயரில். அப்பா ‘தேடுறேன்’ என்றார், ‘தொலஞ்சிட்டு’ என்றார், கடைசியில், ‘பொட்டப்புள்ள அவ்வளவு தூரம் போகக் கூடாது’ என்றார். அதற்கு முன்னால் அவர் எங்களிடம் அப்படி ஒரு வார்த்தை பேசியதே இல்லை. என்னைச் சென்னைக்குப் படிக்க அனுப்பிய அப்பா தன்னை மட்டும் ஏன் தடுத்தார் என்று அவள் ஏழு வருஷம் மனசுக்குள் வைத்துப் புழுங்கியிருக்கிறாள். 2016 டிசம்பரில் விதி தளர்ந்து, பள்ளி மாற்றுச் சான்றிதழ், ஆதார் என்று வேறு ஆவணங்களும் செல்லும் என்று வந்தது. அதற்குள் அவளுக்கு ஆசையே விட்டுப்போயிருந்தது.

அடுத்ததை எழுதுவது எனக்குக் கஷ்டம்.

அம்மா சிறுநீரகம் பழுதாகி இறந்த பிறகு, தனக்கும் வந்துவிடுமோ என்று தங்கச்சி வருஷா வருஷம் கிரியேட்டினின் பார்ப்பாள், ஸ்கேன் எடுப்பாள். 2019இல் அவள் முழுகாமல் இருந்தபோது முதல் பரிசோதனைக்கு நான்தான் கூடப் போனேன். நர்ஸ் அட்டையை நிரப்பிக்கொண்டே கேட்டாள்: “அம்மாவுக்குப் பிரசவத்துல பிபி, வலிப்பு ஏதாச்சும் இருந்துச்சா?” தங்கச்சி, “இல்ல, ரெண்டும் சுகப்பிரசவம்” என்றாள். நான் பக்கத்து நாற்காலியில் பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். சித்தி எப்படிச் செத்தாள் என்று எனக்குத் தெரியும். கால் வீங்கி, கண் மங்கி, வலிப்பு வந்து. அந்தக் காலத்தில் ஜன்னி என்றார்கள். வாயைத் திறக்கவில்லை. கோமதி மேல் செய்த சத்தியம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். எட்டாம் மாதம் அவளுக்கு ரத்த அழுத்தம் ஏறி, ராத்திரியோடு ராத்திரியாக அறுவை செய்து பிள்ளையை எடுத்தார்கள். தாயும் பிள்ளையும் பிழைத்தது அவர்கள் செய்த வைத்தியத்தால். நான் செய்தது எதுவுமில்லை.

கர்ப்பகால ரத்தக் கொதிப்பும் வலிப்பும் தாய்க்கோ கூடப் பிறந்தவளுக்கோ இருந்திருந்தால், அந்தப் பெண்ணுக்கும் வரும் வாய்ப்பு மற்றவர்களைவிட அதிகம். முன்கூட்டியே தெரிந்தால் ஆரம்பத்திலிருந்தே அடிக்கடி அழுத்தம் பார்ப்பார்கள், தேவைப்பட்டால் 12 வாரம் முடிந்ததும் குறைந்த அளவு ஆஸ்பிரின் தொடங்குவார்கள். வளர்த்த பிள்ளை என்பதைச் சொல்ல வாய் வராவிட்டாலும், பெற்றவளுக்கு என்ன நோய் இருந்தது என்பதையாவது அந்தப் பிள்ளையின் காதில் போட்டுவிட வேண்டும். குடும்ப மானம், சத்தியம் எல்லாம் அதற்குப் பிறகுதான். தங்கச்சி பின்னால் என்னிடம் கோபமாகக் கேட்டது இந்த ஒன்றைத்தான். “மத்ததெல்லாம் விடுக்கா. நான் ஒரு நர்ஸு. என் உடம்பப் பத்தி ஒனக்குத் தெரிஞ்சது எனக்குத் தெரியல.”

அவள் வரட்டும் என்று காத்திருந்த நாட்களில் நான் ஒரு காரியம் செய்தேன். அதை மட்டும் சரியாகச் செய்தேன் என்று நினைக்கிறேன். நாற்பது பக்க நோட்டு ஒன்று வாங்கி, எனக்குத் தெரிந்ததை எல்லாம் எழுதினேன். இடது பக்கம் நான் கண்ணால் பார்த்தது. வலது பக்கம் பிறர் சொல்லிக் கேட்டது, யார் சொன்னது என்பதோடு. எழுதும்போதுதான் தெரிந்தது, நான் பார்த்ததாக நம்பிக்கொண்டிருந்ததில் பாதி அம்மா சொல்லிக் கேட்டது என்று. அந்த நோட்டு இல்லையென்றால், அவள் வந்து கேட்டபோது நான் கதையைக் கொஞ்சம் மெழுகித்தான் சொல்லியிருப்பேன். கேட்பவர் முகம் வாடும்போது நம் வாய் தானாக மெழுகும். எழுதி வைத்தது மெழுகாது.

ஊர் சும்மா இருக்கவில்லை. பூச்சந்தைக்குப் போனால், தண்ணி லாரிக்கு நின்றால், “சின்னவளுக்குத் தெரிஞ்சிட்டாமே?” என்று கேட்டார்கள். முதலில் மழுப்பினேன். மழுப்ப மழுப்பக் கேள்வி கூடியது. பிறகு ஒரே பதில் வைத்துக்கொண்டேன்: “ஆமா, தெரியும். அதப் பத்தி அவகிட்டதான் பேசணும்.” அதையே எல்லாரிடமும் சொன்னேன். ஒரு மாதத்தில் பேச்சு நின்றுவிட்டது. கிசுகிசுப்பதற்கு மறைவு இருக்க வேண்டும். ‘ஆமா’ என்றுவிட்டால் அவர்களுக்கு மேலே கேட்க ஒன்றும் இல்லை.

இனி காகித விஷயம். இதில்தான் எங்களைப் போன்ற குடும்பங்கள் ரொம்ப ஏமாந்துபோகின்றன.

ஆதார், ரேஷன் கார்டு, பள்ளிச் சான்றிதழ் எல்லாவற்றிலும் தங்கச்சிக்குத் தகப்பன் பெயராக அப்பா பெயர்தான். அதனால் அவளும் சட்டப்படி மகள்தானே என்று நினைத்தேன். வக்கீல் இல்லை என்றார். 1956ஆம் ஆண்டின் இந்து தத்தெடுப்புச் சட்டம் 11ஆவது பிரிவின்படி, வீட்டில் ஏற்கெனவே ஒரு மகள் உயிரோடு இருந்தால் இன்னொரு பெண் பிள்ளையைத் தத்தெடுக்க முடியாது. நான் இருந்தேன். ஆகவே அம்மா அப்பா என்ன சடங்கு செய்திருந்தாலும், என்ன பத்திரம் எழுதியிருந்தாலும் அந்தத் தத்து செல்லாது. நான் பிறந்ததே அவளுக்குக் குறுக்கே நின்றிருக்கிறது. அதைக் கேட்டு வக்கீல் அலுவலகப் படியில் கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டேன்.

வாரிசுச் சான்றிதழை ரெண்டு பெயரையும் போட்டு வாங்கிவிடலாம், யார் கேட்கப் போகிறார்கள் என்று சொன்னவர்கள் உண்டு. ஏற்கெனவே வாக்குமூலத்தில் ஏறிவிட்ட விஷயம். பொய்யாக எழுதி வாங்கினால் நாளைக்கு வீட்டை விற்கும்போதோ, அடமானம் வைக்கும்போதோ அது முளைக்கும். முளைத்தால் அவமானப்படுவது அவள்தான். அதனால் என் பெயரில் மட்டும் வாரிசுச் சான்றிதழ் வாங்கினேன். பட்டாவை என் பெயருக்கு மாற்றினேன். பிறகு வீட்டில் பாதியை அவளுக்கு செட்டில்மென்ட் எழுதிக் கொடுத்தேன். குடும்ப உறுப்பினருக்கு எழுதினால் முத்திரைத் தீர்வை மிகக் குறைவு. ஆனால் காகிதக் கணக்கில் அவள் எனக்குத் தங்கை இல்லை, சித்தி மகள். அந்தச் சலுகை பொருந்தாது என்று பத்திர எழுத்தர் சொன்னார். முழுத் தீர்வையையும் கட்டினோம்.

இத்தனைக்கும் அப்பா ஒரு வெள்ளைத்தாளில் உயில் எழுதியிருந்தால் போதும். உயிலுக்கு முத்திரைத்தாள் வேண்டாம், பதிவும் கட்டாயமில்லை. எழுதுபவர் கையெழுத்தும், அதைப் பார்த்த இரண்டு சாட்சிகளின் கையெழுத்தும் இருந்தால் செல்லும். பதிவு செய்துவிட்டால் இன்னும் நல்லது. தான் சம்பாதித்த சொத்தை யாருக்கு வேண்டுமானாலும் எழுதலாம். ரத்த உறவா, தத்தா என்ற கேள்வியே வராது. வளர்த்த பிள்ளை இருக்கும் வீட்டில் பெரியவர்கள் செய்ய வேண்டிய முதல் வேலை அது. சாவைப் பற்றிப் பேசினால் சாவு வந்துவிடும் என்று நினைப்பவர்களுக்கு எப்படிச் சொல்வது என்று எனக்கு இன்னும் பிடிபடவில்லை.

இப்போது உறவுப் பிள்ளையை வளர்க்க எடுப்பவர்களுக்கு வேறு வழி இருக்கிறது. 2015ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டத்தில் பெரியம்மா, சித்தி, மாமா, அத்தை, பெரியப்பா, சித்தப்பா, தாத்தா, பாட்டி ஆகியோர் முறைப்படி தத்தெடுக்கலாம். மகள் ஏற்கெனவே இருப்பது அங்கே தடையில்லை. மத்திய அரசின் தத்தெடுப்பு அமைப்பான ‘காரா’வின் இணையதளம் வழியாக விண்ணப்பித்தால், 2022 செப்டம்பர் முதல் மாவட்ட ஆட்சியரே ஆணை கொடுக்கிறார். தூக்கிக்கொண்டு வந்து சேலையில் சுற்றி வளர்ப்பது பாசத்துக்குப் போதும். பிள்ளையின் எதிர்காலத்துக்கு அந்த ஆணைதான் வேண்டும்.

அப்பா ஒன்றுமே செய்யவில்லை என்று சொல்ல மாட்டேன். தறியில் சிறுகச் சிறுகச் சேர்த்த வைப்புத்தொகைக்கு நாமினியாக அவளைத்தான் போட்டிருந்தார். இறப்புச் சான்றிதழைக் கொடுத்ததும் வங்கி அவளிடம் பணத்தைக் கொடுத்துவிட்டது. நாமினி என்பவர் பணத்தைப் பெறுபவர் மட்டுமே, உரிமை வாரிசுக்குத்தான் என்று வக்கீல் சொன்னார். வாரிசு நான் ஒருத்தி, எனக்கு அதில் பேச்சில்லை. அந்த ரசீது அப்பாவின் இரும்புப் பெட்டியில் இருந்தது. அதோடு நாமினேஷன் படிவத்தின் நகலும் மடித்து வைத்திருந்தார். ‘உறவு’ என்ற கட்டத்தில் அப்பாவின் சாய்ந்த கையெழுத்தில், நீல மசியில், ‘மகள்’ என்று இருந்தது. ‘ள்’ மேல் வைத்த புள்ளி அழுத்தி அழுத்தித் தாளில் ஓட்டையே விழுந்திருந்தது.

செப்டம்பரில் அவள் வந்தாள். நோட்டைக் கொடுத்தேன். அடுக்களையில் உட்கார்ந்து முழுக்கப் படித்தாள். படித்து முடித்துவிட்டு, “நாலு வயசுல சொல்லியிருந்தா கதையா கேட்டிருப்பேன்க்கா” என்றாள். பிறகு சாப்பாடு இருக்கிறதா என்று கேட்டாள்.

சித்தி ஊருக்குப் போய்ப் பிறப்புப் பதிவைத் தேடினோம். எந்த வருஷம், எந்த மாதம், எந்த ஆஸ்பத்திரி என்று தெரிந்தால் தேடுவது சுலபம். பதிவு கிடைத்தது. தாய் பெயர், தகப்பன் பெயர், தேதி எல்லாம் இருந்தன. குழந்தையின் பெயர் என்ற கட்டம் மட்டும் காலியாக இருந்தது. அவள் அதைப் படம் எடுத்துக்கொண்டாள்.

சித்தப்பா ராஜபாளையத்தில் இருக்கிறார். மறுமணம் செய்து பிள்ளைகள் உண்டு. நாங்கள் சின்னப் பிள்ளைகளாக இருந்தபோது ஆடித்தபசுக்கு வருஷம் தவறாமல் வருவார். எனக்கும் அவளுக்கும் பஞ்சுமிட்டாய் வாங்கித் தருவார், அவளை உற்றுப் பார்த்துவிட்டுப் போவார். ஒருதரம் போய்ப் பார்க்க வேண்டும் என்றாள், போனோம். அது நன்றாக அமையவில்லை. அந்த வீட்டம்மா காப்பி கொடுத்தாள், கண் வாசலிலேயே இருந்தது. நாங்கள் சொத்துக் கேட்டு வந்ததாக நினைத்துவிட்டார்கள். பூர்வீகத்தில் பங்கு வேண்டாம் என்று எழுதித் தருவாயா என்று அவருடைய மகன் அன்றைக்கே கேட்டான். தங்கச்சிக்கு அங்கே ஒன்றும் வேண்டாம். உடனே கையெழுத்துப் போட்டுவிடுகிறேன் என்று எழுந்தாள். நான்தான் பிடித்து உட்காரவைத்தேன். மனசு கலங்கி இருக்கும் நாளில் எந்தக் காகிதத்திலும் கையெழுத்துப் போடக் கூடாது, அது எவ்வளவு நியாயமாகத் தோன்றினாலும். வக்கீலிடம் காட்டிவிட்டுச் சொல்கிறோம் என்று வந்துவிட்டோம். இதுவரை அவள் போடவும் இல்லை, கேட்கவும் இல்லை.

கிளம்பும்போது சித்தப்பாவிடம் அவள் ஒரே ஒரு கேள்வி கேட்டாள். “அவுக உசரமா?” ஆமாம் என்று தலையாட்டினார். அவரை அவள் இன்றும் சித்தப்பா என்றுதான் கூப்பிடுகிறாள்.

2023இல் மறுபடியும் முழுகாமல் இருந்தாள். ஒன்பதாவது வாரத்திலேயே ஆஸ்பத்திரிக்குப் போனோம். அதே மாதிரி அட்டை, அதே கேள்வி.

“அம்மாவுக்கு இருந்துச்சு” என்றாள் தங்கச்சி. “வலிப்பு வந்து இறந்துட்டாங்க.”

எழுதிக்கொண்டிருந்த நர்ஸ் நிமிர்ந்தாள். “பிரசவத்துக்கு முன்னாடியா, அப்புறமா?”

தங்கச்சி என்னைப் பார்த்தாள்.

“அப்புறம்” என்றேன். “மூணாம் நாள்.”